பேக்கப் தானாக ஓடட்டும்: முதல் ஸ்கிரிப்ட் எழுதப் போகிறவர்களுக்கு

கையால் பேக்கப் எடுக்கும்போது என்னென்ன நடக்கிறது என்று ஒருமுறை நிதானமாக நினைத்துப் பாருங்கள். வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகுகிறோம். ஃபோல்டரை இழுத்துப் போடுகிறோம். பச்சைக் கோடு ஓடி முடிகிறது. டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைக்கிறோம். இதில் கணினி செய்தது நகலெடுக்கும் வேலையை மட்டும்தான். டிஸ்க் உண்மையிலேயே செருகியிருக்கிறதா, இடம் போதுமா, நடுவில் ஏதாவது பிழைச் செய்தி எட்டிப் பார்த்ததா என்று பார்த்துக்கொண்டது உங்கள் கண்.

இந்த வேலையை ஸ்கிரிப்டிடம், அதாவது கணினி வரிசையாகச் செய்ய வேண்டிய கட்டளைகளை எழுதி வைத்த ஒரு கோப்பிடம், கொடுத்தால் கை வேலையை அது செய்துவிடும். ஆனால் அதற்குக் கண் கிடையாது. எனக்கு இது புரிய மூன்று வாரம் ஆனது. லினக்ஸ் கணினியில் வெளி டிஸ்க்கை இணைப்பதற்கென்று ஒரு காலி ஃபோல்டர் வைத்திருந்தேன். தினமும் இரவு 9 மணிக்கு அங்கே பேக்கப் போய்ச் சேரும்படி ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் டிஸ்க்கைக் கழற்றியவன் திரும்பச் செருகவில்லை. ஸ்கிரிப்ட் அதைப் பற்றிக் கவலையே படவில்லை. அந்தக் காலி ஃபோல்டருக்குள், அதாவது கணினியின் சொந்த டிஸ்க்குக்குள்ளேயே, தினமும் ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தது. டிஸ்க்கில் இடமில்லை என்று கணினி திணறியபோதுதான் விஷயம் தெரிந்தது. அசலும் நகலும் ஒரே டிஸ்க்கில்!

அதனால் கீழே வரும் ஸ்கிரிப்டுகளில் நகலெடுக்கும் வரி ஒன்றுதான் இருக்கும். மற்றதெல்லாம் ஸ்கிரிப்டுக்குக் கண் கொடுக்கும் வரிகள்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. கட்டளைகளை இங்கே வாய்விட்டு வாசிப்பதுபோலத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மேற்கோள் குறிக்குள் இருக்கும் ஃபோல்டர், கோப்புப் பெயர்கள் மட்டும் உங்கள் இஷ்டம்.

முதலில் பேனாவும் காகிதமும்

எதை நகலெடுக்கப் போகிறோம்? முழுக் கணினியையும் நகலெடுக்க ஆசை வரும், வேண்டாம். விண்டோஸையும் மென்பொருள்களையும் திரும்ப நிறுவிக்கொள்ளலாம். திரும்பக் கிடைக்காதவை நீங்கள் எழுதியவை, எடுத்த படங்கள், கணக்குக் கோப்புகள், ஸ்கேன் செய்து வைத்த ஆவணங்கள். இவை பத்து இடத்தில் சிதறிக் கிடந்தால் முதலில் ஒரே ஃபோல்டருக்குள் கொண்டுவாருங்கள். இந்த வழிகாட்டியில் அதன் பெயர் 'வேலை'. பாதி நாள் இதற்கே போய்விடும், போகட்டும். ஸ்கிரிப்ட் எழுதுவதைவிட இதுதான் பெரிய வேலை.

எங்கே வைக்கப் போகிறோம்? ஒரு வெளி ஹார்டு டிஸ்க் போதும். அது எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு எதையும் வைக்க முடியாது, நீளமான வீடியோக்கள் வெளியே நின்றுவிடும். விண்டோஸ் என்றால் என்டிஎஃப்எஸ், லினக்ஸ் என்றால் இஎக்ஸ்டி4 நல்லது. ஃபார்மட்டை மாற்றினால் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும், அதனால் காலி டிஸ்க்கில் செய்யுங்கள்.

அடுத்து, வெளி டிஸ்க்கில் 'காப்பு' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் 'அடையாளம்' என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் கோப்பை வையுங்கள். உள்ளே ஒரு சொல் இருந்தால்கூடப் போதும். 'வேலை' ஃபோல்டருக்குள்ளும் அதேபோல ஒன்று. இந்த இரண்டு கோப்புகள்தான் நம் ஸ்கிரிப்டின் இரண்டு கண்கள். வெளி டிஸ்க்கில் அடையாளம் தென்படவில்லையா, டிஸ்க் செருகப்படவில்லை அல்லது வேறு டிஸ்க் செருகியிருக்கிறது. 'வேலை'யில் தென்படவில்லையா, அசலுக்கே ஏதோ ஆகிவிட்டது, இப்போது நகலெடுக்கக் கூடாது.

விண்டோஸில்

விண்டோஸோடு ரோபோகாப்பி என்ற கட்டளை சேர்ந்தே வருகிறது, விஸ்டா காலத்திலிருந்து. பெயரில் ரோபோ இருந்தாலும் அது இயந்திர மனிதனைக் குறிக்கவில்லை. வலுவானது என்று பொருள்படும் 'ரோபஸ்ட்' என்ற சொல்லின் சுருக்கம்.

நோட்பேடைத் திறந்து இதைத் தட்டுங்கள். உங்கள் 'வேலை' ஃபோல்டர் டி டிரைவிலும் வெளி டிஸ்க் ஈ டிரைவிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

@எக்கோ ஆஃப்
சிஎச்சிபி 65001
இஃப் நாட் எக்ஸிஸ்ட் "ஈ:\காப்பு\அடையாளம்.டிஎக்ஸ்டி" கோட்டோ ஃபெயில்
இஃப் நாட் எக்ஸிஸ்ட் "டி:\வேலை\அடையாளம்.டிஎக்ஸ்டி" கோட்டோ ஃபெயில்
ரோபோகாப்பி "டி:\வேலை" "ஈ:\காப்பு\வேலை" /ஈ /ஆர்:2 /டபிள்யூ:5 /யூனிலாக்+:"டி:\பதிவு.டிஎக்ஸ்டி"
இஃப் எரர்லெவல் 8 கோட்டோ ஃபெயில்
எக்கோ %டேட்% %டைம்% > "டி:\கடைசி.டிஎக்ஸ்டி"
எக்ஸிட்
:ஃபெயில்
எக்கோ பேக்கப் ஃபெயில்
பாஸ்

இரண்டாம் வரி நம்மைப் போன்றவர்களுக்காகவே. ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால், இந்த வரி இல்லாமல் விண்டோஸின் கறுப்பு ஜன்னல் அந்தப் பெயரைக் குழப்பிக்கொள்ளும், ஃபோல்டர் இல்லை என்று சாதிக்கும். எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறைக்குக் குறியேற்றம் என்று பெயர். தமிழும் அடங்கிய யுடிஎஃப்-8 என்ற குறியேற்றத்துக்கு விண்டோஸ் வைத்திருக்கும் எண்தான் 65001. சேமிக்கும்போதும் குறியேற்றம் யுடிஎஃப்-8 என்று இருக்கட்டும். 'பிஓஎம் உடன்' என்று இன்னொன்று பட்டியலில் இருக்கும், அது கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சேர்க்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் முதல் வரியே தகராறு செய்யும்.

ரோபோகாப்பி வரியில் முதலில் வருவது அசல், அடுத்தது நகல் போகும் இடம். இதை மாற்றிப் போட்டால் பழைய நகல் புதிய அசலின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும், எனவே ஒருமுறை விரல் வைத்துப் படியுங்கள். ஃபோல்டர் பெயரின் கடைசியில் சாய்கோடு போடாதீர்கள். சாய்கோட்டை ஒட்டி மேற்கோள் குறி வந்தால், அந்தக் குறியையும் பெயரின் ஒரு பகுதி என்று ரோபோகாப்பி நினைத்துக்கொள்ளும்.

சாய்கோட்டோடு வருபவை சுவிட்சுகள், கட்டளை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்பவை. 'ஈ' என்ற சுவிட்ச் உள்ளே இருக்கும் எல்லாத் துணை ஃபோல்டர்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. 'ஆர்', 'டபிள்யூ' இரண்டும் ஏன் என்றால், ஒரு கோப்பை நகலெடுக்க முடியாவிட்டால் ரோபோகாப்பி திரும்ப முயன்று பார்க்கும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 10 லட்சம் முறை, ஒவ்வொரு முறைக்கும் நடுவில் 30 வினாடி காத்திருந்து. கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரே ஒரு கோப்புக்காக 347 நாள் வாசலிலேயே நிற்கும். பொறுமைக்கும் ஓர் அளவு வேண்டாமா? இரண்டு முறை, ஐந்து வினாடி போதும்.

'யூனிலாக்' நடந்ததையெல்லாம் பதிவு செய்யும். வெறும் 'லாக்' என்றும் ஒன்று உண்டு, ஆனால் தமிழ்ப் பெயர்கள் அதில் கேள்விக்குறிகளாக விழலாம். கூட்டல் குறி, பழைய பதிவை அழிக்காமல் தொடர்ந்து எழுதச் சொல்வதற்கு.

எரர்லெவல் வரியில் பலர் சறுக்குவார்கள். பொதுவாக 0 என்றால் வெற்றி, வேறு எண் என்றால் தோல்வி என்பது கணினி உலகின் வழக்கம். ரோபோகாப்பி அப்படிச் சொல்லாது. புதிதாக நகலெடுக்க எதுவுமே இல்லையென்றால் 0, நல்லபடியாக நகலெடுத்திருந்தால் 1. எட்டும் அதற்கு மேலும்தான் நிஜமான தோல்வி. 'இஃப் எரர்லெவல் 8' என்றால் எட்டோ அதற்கு மேலோ என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும், நமக்கு வசதி.

கடைசி வரியில் உள்ளது வீடியோவை நிறுத்தி வைக்க அழுத்துவோமே, அதே பாஸ். ஏதாவது தவறினால் கறுப்பு ஜன்னல் மூடாமல் திரையில் நின்றுகொண்டிருக்கும். அழகாக இருக்காது, ஆனால் கண்ணில் படாமல் போகாது. அந்த ஜன்னலில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரியலாம் என்பதால் செய்தியை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டேன்.

சேமிக்கும்போது பெயரின் முடிவில் புள்ளி பிஏடி என்று கொடுங்கள். கோப்பு வகையில் 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்ற மறந்தால் நோட்பேட் கமுக்கமாகத் தன் டிஎக்ஸ்டி வாலையும் ஒட்டிவிடும். விண்டோஸ் அந்த வாலை வழக்கமாக மறைத்தே வைப்பதால் பெயர் சரியாக இருப்பதுபோலவே தெரியும். இரட்டைக் கிளிக் செய்தால் ஸ்கிரிப்ட் ஓடாமல் நோட்பேட் திறக்கிறதா, காரணம் அந்த வால்தான். அடையாளக் கோப்புக்கு இதே சிக்கல் தலைகீழாக வரும். நீங்களே டிஎக்ஸ்டி என்று சேர்த்துத் தட்டினால் சில சமயம் இரண்டு வால் முளைத்துவிடும். எக்ஸ்புளோரரின் 'வியூ' மெனுவில் கோப்பு நீட்சிகளைக் காட்டச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

முதல் முறை ஓட்டும்போது ரோபோகாப்பி வரியின் கடைசியில் '/எல்' சேர்த்துக்கொள்ளுங்கள். எதையும் நகலெடுக்காமல், எதையெல்லாம் நகலெடுத்திருக்கும் என்ற பட்டியலை மட்டும் பதிவில் எழுதும். பட்டியல் சரியென்றால் '/எல்'லை எடுத்துவிட்டு நிஜமாக ஓட்டுங்கள். பிறகு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒருமுறை. கறுப்பு ஜன்னல் நிற்கிறதா? சரி, கண் தெரிகிறது.

'எம்ஐஆர்' என்ற சுவிட்சைச் சேர்க்கச் சொல்லி யாராவது உங்களிடம் சொல்வார்கள். அது நகலை அசலின் கண்ணாடிப் பிம்பமாக்கும். அசலில் இல்லாத எதுவும் நகலில் இருந்தால் அழித்துவிடும். இடத்தைத் தவறுதலாக வெறும் 'ஈ:\' என்று கொடுத்து இதை ஓட்டினால், அந்த டிஸ்க்கில் வேறு என்ன வைத்திருந்தாலும் போச்சு. பழகும்வரை இதைத் தொடாதீர்கள் என்பது என் கட்சி. குப்பை சேரும்தான். சேரட்டும், டிஸ்க்கில் இடம் இருக்கிறது.

நேரம் குறிப்பது

தேடல் பெட்டியில் டாஸ்க் ஷெட்யூலர் என்று தட்டித் திறந்து, 'கிரியேட் டாஸ்க்' எடுங்கள். பக்கத்தில் 'பேசிக் டாஸ்க்' என்று எளிய வழி ஒன்று இருக்கும், நமக்கு வேண்டிய சில பொத்தான்கள் அதில் வருவதில்லை. 'டிரிக்கர்ஸ்' தாவலில் தினமும் எத்தனை மணிக்கு என்று குறியுங்கள். 'ஆக்‌ஷன்ஸ்' தாவலில் நம் பிஏடி கோப்பைக் காட்டுங்கள். முதல் தாவலில் 'நீங்கள் உள்நுழைந்திருக்கும்போது மட்டும் ஓடு' என்ற தேர்வு ஏற்கெனவே இருக்கும், மாற்ற வேண்டாம். அது இருந்தால்தான் கறுப்பு ஜன்னல் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு இடங்களை மட்டும் கட்டாயம் பாருங்கள். 'கண்டிஷன்ஸ்' தாவலில், மின் இணைப்பில் இருந்தால் மட்டுமே ஓடு என்ற கட்டம் தானாகவே டிக் ஆகியிருக்கும். மடிக்கணினியைப் பேட்டரியிலேயே பயன்படுத்துகிறவர் என்றால் பேக்கப் ஒருநாளும் ஓடாது. 'செட்டிங்ஸ்' தாவலில், குறித்த நேரம் தவறிப்போனால் முடிந்தவரை சீக்கிரம் ஓடு என்று ஒரு கட்டம். அதற்கு டிக் போடுங்கள். இரவு 9 மணிக்குக் கணினி அணைந்திருந்தாலும் காலையில் திறந்ததும் ஓடிவிடும்.

லினக்ஸில்

இங்கே நகலெடுக்கும் நம் ஆள் ஆர்சிங்க் என்ற கட்டளை. எழுத்துக் கூட்டினால் ஆர், எஸ், ஒய், என், சி. ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கெராஸும் 1996இல் வெளியிட்டது, இன்றும் அதற்கு ஈடு சொல்வது கஷ்டம். மேக்கிலும் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் ஜன்னலில், ஓடும். ஆனால் மேக் வைத்திருப்பவர்கள் முதலில் அதனோடு வரும் பேக்கப் வசதியான டைம் மெஷினை இயக்கிவிடுங்கள், பெரும்பாலோருக்கு அதுவே போதும். மற்றவர்கள் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் இதைத் தட்டுங்கள். வெளி டிஸ்க் '/எம்என்டி/டிஸ்க்' என்ற ஃபோல்டரில் இணைந்திருப்பதாகவும் 'வேலை' உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம்.

#!/பின்/பேஷ்
டெஸ்ட் -எஃப் "/எம்என்டி/டிஸ்க்/காப்பு/அடையாளம்.டிஎக்ஸ்டி" || எக்ஸிட் 1
டெஸ்ட் -எஃப் "/ஹோம்/நான்/வேலை/அடையாளம்.டிஎக்ஸ்டி" || எக்ஸிட் 1
நாள்=$(டேட் +%எஃப்)
ஆர்சிங்க் -ஏ --டிலீட் --பேக்கப் --பேக்கப்-டிர்="/எம்என்டி/டிஸ்க்/காப்பு/பழையது/$நாள்" "/ஹோம்/நான்/வேலை/" "/எம்என்டி/டிஸ்க்/காப்பு/வேலை/" >> "/ஹோம்/நான்/பதிவு.டிஎக்ஸ்டி" 2>&1 || எக்ஸிட் 1
டேட் > "/ஹோம்/நான்/கடைசி.டிஎக்ஸ்டி"

'நாள்' என்பதை மட்டும் இரண்டு இடத்திலும் ஒரேமாதிரி ஆங்கில எழுத்தில் எழுதுங்கள், இந்த ஸ்கிரிப்டை ஓட்டும் பேஷ் என்ற நிரல், இப்படி மதிப்பைச் சேமித்து வைக்கும் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர்களை ஏற்காது. டேட் கட்டளைக்குப் பின் வரும் எஃப் பெரிய எழுத்து. அது ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் தரும், ஃபோல்டர்கள் தானாகவே ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும்.

'டிலீட்' என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். கூடவே 'பேக்கப்-டிர்' இருப்பதால், அழிய வேண்டிய கோப்பும் மாற வேண்டிய கோப்பின் பழைய வடிவமும் அன்றைய தேதியிட்ட ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். போன செவ்வாய்க்கிழமை ஒரு பத்தியை நீக்கினேன், இப்போது வேண்டும் என்றால் செவ்வாய்க்கிழமை ஃபோல்டரைத் திறந்தால் போதும். எம்ஐஆரிடம் எனக்கு இல்லாத நம்பிக்கை இதனிடம் இருப்பதற்கு இதுதான் காரணம்.

அசல் ஃபோல்டர் பெயரின் முடிவில் இருக்கும் சாய்கோட்டைக் கவனியுங்கள். விண்டோஸில் போடாதே என்று சொன்னேன், இங்கே போட்டே ஆக வேண்டும். சாய்கோடு இருந்தால் ஃபோல்டருக்கு உள்ளே இருப்பதை நகலெடு என்று பொருள். இல்லாவிட்டால் ஃபோல்டரையே நகலெடு என்று பொருள், அப்போது 'வேலை'க்குள் இன்னொரு 'வேலை' முளைக்கும். ஆர்சிங்க் பயன்படுத்துகிற எல்லோரும் ஒருமுறையாவது இதில் விழுந்து எழுந்தவர்கள்தான்.

ஒத்திகைக்கு ஆர்சிங்க் வரியில் '-என்' சேர்த்து ஓட்டுங்கள். பட்டியலும் பார்க்க வேண்டும் என்றால் '-வி'யும். பிறகு ஸ்கிரிப்டுக்கு ஓடும் உரிமை கொடுக்க, சிஎச்எம்ஓடி +எக்ஸ் என்று தட்டி அதன் பெயர்.

நேரம் குறிக்க டெர்மினலில் க்ரான்டேப் -ஈ என்று தட்டுங்கள். திறக்கும் கோப்பில் ஒரு வரி: 0 21 * * * என்று போட்டு, ஸ்கிரிப்டின் முழு முகவரி. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்பது வரிசை, நட்சத்திரம் என்றால் எதுவாயினும் சரி. தட்டும்போது விரலைப் பார்த்துத் தட்டுங்கள். விசைப்பலகையில் ஈ-க்கு அடுத்த விசை ஆர். க்ரான்டேப் -ஆர் என்றால் நீங்கள் குறித்து வைத்த எல்லா வேலைகளையும் அழித்துவிடும், பெரும்பாலும் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல்.

இப்படிக் குறித்த வேலைகளை நேரத்துக்கு ஓட்டும் க்ரான் கறாரான ஆசாமி. 9 மணிக்குக் கணினி அணைந்திருந்தால் அன்றைக்குப் பேக்கப் கிடையாது, மறுநாள் ஈடுகட்டவும் செய்யாது. கணினி நிச்சயம் ஓடிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து வையுங்கள். அப்படி ஒரு நேரமே இல்லையென்றால், தவறிய வேலையைப் பிறகு பிடித்துக்கொள்ளும் அனாக்ரானைத் தேடிப் போங்கள்.

ஓடவே ஓடாத ஸ்கிரிப்ட்

இதுவரை ஸ்கிரிப்ட் ஓடும்போது வரும் தவறுகளைப் பார்த்தோம். ஓடவே ஓடாவிட்டால்? யார் வந்து சொல்வார்கள்?

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் களைத்துப்போன நேரத்தில் தவறான சர்வரில் தரவுத்தள ஃபோல்டரை அழித்துவிட்டார். சரி, பேக்கப்பிலிருந்து எடுக்கலாம் என்று போனால், தினமும் எடுக்கப்பட்டிருக்க வேண்டிய பேக்கப் அங்கே இல்லை. தரவுத்தளத்தின் பதிப்பு ஒன்று, பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்பு வேறொன்று என்பதால் அது தினமும் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் அஞ்சல் சர்வரிலேயே நிராகரிக்கப்பட்டு யாரையும் சேரவில்லை. தற்செயலாகச் சில மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல் காப்பாற்றியது. இருந்தும் சுமார் 6 மணி நேரத் தரவு போனது போனதுதான். நடந்ததை ஒளிக்காமல் அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டதால்தான் நமக்கு இது தெரியும்.

நம் ஸ்கிரிப்டுகளில் 'கடைசி' என்ற கோப்பு அதற்காகத்தான். பேக்கப் முழுதாக முடிந்தால் மட்டும் அதில் அன்றைய தேதி விழும். தோல்விச் செய்தி வராமல் போகலாம், ஆனால் பழைய தேதி பொய் சொல்லாது. விண்டோஸில் அதற்கு ஒரு ஷார்ட்கட்டை டெஸ்க்டாப்பில் கண்படும் இடத்தில் வையுங்கள். லினக்ஸில் ஹோம் ஃபோல்டரில் இருக்கும், டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் பேஷ்ஆர்சி கோப்பின் கடைசியில், அந்தக் கோப்பைக் காட்டும் 'கேட்' கட்டளையைச் சேர்த்துவிட்டேன். டெர்மினலைத் திறக்கும்போதெல்லாம் கடைசி பேக்கப் தேதி முதல் வரியாக வந்து நிற்கிறது. இப்போது ஒரு நாள் பிந்தினாலும் கண்ணை உறுத்துகிறது.

மாதம் ஒருமுறை இன்னொன்று செய்யுங்கள், ஐந்து நிமிடம் போதும். நகலிலிருந்து மூன்று கோப்புகளை, ஒரு படம், ஓர் ஆவணம், ஒரு பழைய கோப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பெயரும் அளவும் சரியாக இருந்தும் திறக்காத கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். நகலெடுக்கும் நேரத்தில் வேறு மென்பொருளில் திறந்தே கிடக்கும் தரவுத்தளக் கோப்புகள்தான் இப்படி அதிகம் ஆகும். அவற்றை மூடிவிட்ட நேரத்துக்குப் பேக்கப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது டிஸ்க்

விண்டோஸ் ஸ்கிரிப்டில் ஒரு குறை இருக்கிறது. இன்று கெட்டுப்போன கோப்பு நேற்றைய நல்ல நகலின் மேல் எழுதப்பட்டுவிடும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் இன்னும் மோசம், செருகியிருக்கும் டிஸ்க்கையும் அது விட்டுவைக்காது, லினக்ஸ் ஸ்கிரிப்டின் தேதி ஃபோல்டர்களும் அதே டிஸ்க்கில்தான் இருக்கின்றன.

பீட்டர் க்ரோ என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 கணக்கு ஒன்று உண்டு. மொத்தம் 3 பிரதிகள், 2 வகை சாதனங்களில், அதில் 1 வேறு இடத்தில். எளிதாகச் செய்யும் வழி, இன்னொரு டிஸ்க் வாங்குவது. அதே பிஏடி கோப்பை வேறு பெயரில் சேமித்து, நகல் போகும் ஃபோல்டரை 'வாரம்' என்று மாற்றி, ஞாயிறுதோறும் அந்த டிஸ்க்கைச் செருகிக் கையாலேயே ஓட்டுங்கள். முடிந்ததும் கழற்றி, இந்த வீட்டில் இல்லாமல் வேறெங்காவது நம்பகமான இடத்தில் வையுங்கள். தானியங்கி என்று தலைப்பு வைத்துவிட்டுக் கையால் செய்யச் சொல்கிறேனே என்று தோன்றும். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்கைத்தான் ஸ்கிரிப்ட் தானாக எட்ட முடியும், அதே வழியில் வைரஸும் எட்டும்.

அந்த இரண்டாவது டிஸ்க்கில் அடையாளக் கோப்புக்கு வேறு பெயர் வைத்து, புதிய ஸ்கிரிப்டிலும் அதே பெயரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை டிஸ்க் மாறிச் செருகினாலும் ஸ்கிரிப்டுக்குத் தெரியாது.